கண்டன்சர் மைக்கைத் திறந்த நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினேன். கூடம் என்பது பெரிய வார்த்தை. சுவரெல்லாம் சாக்கு, ஒரு மிக்ஸர், ஒரு டேப் டெக், மெட்ராஸில் பழையதாக வாங்கிய, மூச்சைக்கூடப் பிடிக்கிற ஒரு கண்டன்சர் மைக். அந்த மைக்கில்தான் எனக்குப் பெருமையெல்லாம்.

அக்கா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் பாட எழுந்தால் பின்வரிசைப் பேச்சுகூட நின்றுவிடும். அந்த வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குக் கிளம்புகிற அன்று காலை, குரலைப் பதிந்து வைத்துவிடலாம் என்று நான் கூப்பிட்டுத்தான் அத்தானோடு கூடத்துக்கு வந்தாள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மாலையில் மதுரை பஸ்.

மைக்கை மாட்டினேன். படபடவென்று பொரிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வயரை மாற்றினேன். மிக்ஸரிலிருந்து மைக்குக்கு வருகிற கரண்டை மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மேடைக்குக் கொண்டுபோகிற சாதா மைக்கை அதே வயரில் மாட்டினேன். கணீரென்று கேட்டது.

"இதுலயே பாடுதேன்லே," என்றாள் அக்கா.

"வேண்டாங்க்கா. இதுல உன் குரலு தகரம் மாதிரி விழும். செத்த நேரம் பொறு."

பொறுத்தாள். மைக்கின் வலையைக் கழற்றினேன். உள்ளே தங்கப் பூச்சுப் போட்ட மெல்லிய படலம் மங்கலாக இருந்தது. தூசி என்று நினைத்து, தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்தேன். மறுபடி மாட்டியபோது அந்தப் பொரிகிற சத்தமும் போய்விட்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் பார்க்கத் தெரிந்த ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் இருந்தார். "ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்," என்றேன்.

"பொறவு நேரம் இருக்காதுலே. ஒரு பாட்டாவது எடுத்துருவோம்."

நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

கடை பூட்டியிருந்தது. அவர் வந்தபோது நான்கு மணி ஆகிவிட்டது. மைக்கைப் பிரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

"இதைத் தொட்டது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி."

"கிழிஞ்சிருக்கு தம்பி. மழை ஈரம் கோத்திருக்கு, அம்புட்டுதான் கோளாறு. எரியுத பல்புக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் வச்சிருந்தா அதுவே சரியாகியிருக்கும். இனி ஒண்ணும் செய்யதுக்கில்ல."

பஸ் பிடித்துத் திரும்பினேன். மதுரை பஸ்களும் அந்த ரோட்டில்தான் போகும். அக்கா இருந்த பஸ் என் பஸ்ஸைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

கீழே டீக்கடைக்காரர் சாவியை நீட்டினார். "அக்கா அஞ்சு மணி வரைக்கும் இருந்தாவ. பொறவுதான் பஸ்ஸுக்குக் கிளம்புனாவ," என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் தங்கியது. வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவாள். அந்த நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதித் திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கூடத்தை அடுத்த வருஷம் காலி செய்தேன்.

ஆபரேஷன் சமயத்தில் அவள் மகளுக்கு மூன்று வயது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் கேட்டாள், "எங்கம்மா எப்படிப் பாடும் மாமா?"

"நல்லாப் பாடும்," என்றேன்.

அடுக்களையில் அக்கா இரண்டு முறை கை தட்டினாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று பிள்ளை எழுந்து ஓடியது.