மல்லாட்டைக்கு ஒரு பேர்

கரும்பு லாரி எடைமேடையில் ஏறுவதற்குள் வல்லரசு ஒரு வினைச்சொல்லின் இறந்தகாலத்தை முடித்துவிடுவான். உதடு அசையும், கண் மட்டும் திரையில் ஓடும் எண்ணை விட்டு நகராது. பின்சக்கரமும் மேடைக்குள் வந்ததும் ஜன்னல் வழியே கையை நீட்டி, "சரி, சரிண்ணா" என்பான். "போதும்" என்று சொல்ல மாட்டான். அந்தப் "போ" அவன் வாயை விட்டுப் புறப்படுவதற்குள் லாரி மேடையைத் தாண்டிப் போயிருக்கும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்த எடைமேடை. வல்லரசுக்குச் சிறுவயது முதலே திக்குவாய். உதடும் உதடும் ஒட்டிப் பிறக்கும் பகரமும் மகரமும்தான் அவனுக்கு எதிரிகள். அவற்றோடு கூட்டுச் சேர்ந்தது வகரம். சொந்தப் பெயரைச் சொல்லவே திணறுகிறவன், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்த மூன்றும் இல்லாத ஒரு மொழியைக் கட்ட ஆரம்பித்தான். அதில் அவனுக்குத் திக்குவதில்லை.

ஏனோதானோவென்று கட்டவில்லை. கண்ணால் பார்த்த சங்கதிக்கு வினைச்சொல்லின் கடைசியில் ஒரு வால். பிறர் சொல்லிக் கேட்டதற்கு வேறு வால். தார்ப்பாயை மட்டும் நனைக்கும் மழைக்கு ஒரு பெயர், உள்ளே இறங்கிச் சரக்கின் எடையைக் கூட்டும் மழைக்கு வேறு பெயர். பிடிக்காத சொல்லை இரக்கமில்லாமல் நீக்கிவிடுவான்.

"இன்னா தம்பி, இன்னிக்கு எத்தினி வார்த்த பொறந்திச்சி?" என்பார் எதிர் டீக்கடை மாரியப்பன்.

"ரெண்டுண்ணா. ஒண்ணு செத்துடுச்சி."

அண்மையில் திருவெண்ணெய்நல்லூரில் பெண் அமைந்தது. திக்குவாய் விஷயத்தை மறைக்கவில்லை. அந்தப் பெண் கலைப்பிரியா, போனில் அவன் திணறும் இடங்களில் பொறுமையாகக் காத்திருக்கப் பழகிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் அவ்வூர் கரும்பு லாரி டிரைவர் ஒருவன், "அந்தாளு ஒத்தையா உக்காந்துகினு மந்திரம் ஓதறாரு" என்று கொளுத்திப் போட்டான். பெண்ணின் தாய்மாமன் அரங்கநாதன் மறுநாளே புறப்பட்டு வந்துவிட்டார்.

வல்லரசின் தாய் அம்சா சமைத்து இலை போட்டிருந்தாள். சம்பந்தம் உறுதியாகாத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது வழக்கம். வந்தவரோ பசி தாங்காதவர். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, மடியில் வைத்து உடைத்துத் தின்றுகொண்டே கேட்டார்:

"திக்குவாயிக்குப் பொண்ணே ஒத்துக்கினா, நாங்க இன்னா சொல்றது. மந்திரம்னா பேஜாராச்சே தம்பி. இன்னா ஓதற?"

"ம்... ம்..." மந்திரமில்லை என்று மறுக்கப்போன வல்லரசு முதலெழுத்திலேயே மாட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. அரங்கநாதனின் முகம் இறுகியது. அகப்பட்டுக்கொண்டவன் விழிப்பதாகவே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பெண் கைநழுவிப் போவது வல்லரசுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தன் மொழிக்குத் தாவினான். நாலைந்து வாக்கியங்கள் தங்குதடையில்லாமல் வந்தன. பெற்றவளே அவன் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அம்சா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இதான்" என்றான். "நானே கட்டினது."

அரங்கநாதன் கையிலிருந்த மல்லாட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு இன்னா?"

"கிஞ்சோ."

"கேப்பைக்கு?"

"ஐசரு."

அவர் அம்சாவிடம் திரும்பினார். "எந்த மந்திரவாதிம்மா மல்லாட்டைக்கும் கேப்பைக்கும் பேரு வெச்சிக்கினு இருப்பான்?" குரல் தணிந்திருந்தது. "சரி, மாமனுக்கு?"

வல்லரசின் மொழியில் மாமன் இல்லை, அத்தை, மச்சான் யாருமே இல்லை. தனியாளாகப் பேசிவந்த மொழியில் உறவுமுறைக்குப் பெயர் வைக்க அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"இன்னும் ஆகல" என்றான்.

"எனக்கு ஒண்ணு வெய்யேன், பாப்போம்."

வல்லரசு அவர் மடியில் குவிந்திருந்த தோலைப் பார்த்தான். "கிஞ்சோனு."

"கிஞ்சோன்னா மல்லாட்டை. அப்ப நானு மல்லாட்டக்காரனா?"

அவன் தயங்கித் தலையாட்டினான். "டேய்" என்று பதறினாள் அம்சா.

அரங்கநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கு இந்த வயசுல பேரு வெக்கிறாரும்மா உன் புள்ள. ஜல்தியா சோத்த எடு. வாங்க மாப்ள, நீங்களும் உக்காருங்க."

மடியிலிருந்த தோலை உதறிவிட்டு இலை முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். செம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்த வல்லரசின் பக்கம், தண்ணீருக்காக வலது கையை நீட்டினார்.