பதினொரு தாளில் தேயிலைச் செடி

ரெஜினா டீச்சர் போய்விட்டார். இன்று காலை, பதுளை ஆஸ்பத்திரியில்.

வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை... அவருக்காக அழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாரத்தில் ஆறு நாள் கொழுந்து பறித்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோட்டத்துச் சின்ன மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பார். சம்பளம் கிடையாது. கரும்பலகையும் கிடையாது.

ஞானஸ்நானம் பற்றிய பாடம் என்றால் பிள்ளைகளை பீலிக்குக் கூட்டிப் போவார். மலையிலிருந்து வந்து விழும் அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு பிள்ளையும் கையை நீட்ட வேண்டும். "சில்லுனு ஏறுதா? அத மறக்கக் கூடாது. அவ்வளவுதான் இன்னைக்குப் பாடம்."

பீடத் துணி மடிக்க நான்கு பிள்ளைகள் நான்கு மூலையைப் பிடிக்க வேண்டும். ஒரு சுருக்கம் விழக் கூடாது. "சாமிக்கு வைக்கிறது அழகா இருக்கணும்ல."

நான் அப்போது பதுளை டவுன் ஸ்கூல் ஒன்றில் புதிதாக வேலை கிடைத்த ஆள். டிப்ளோமா முடித்த திமிர் வேறு. பங்கின் மறைக்கல்விப் பொறுப்பை ஃபாதர் என்னிடம் தந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்து வந்த பிள்ளைகளைப் பார்த்து, "பாடம் எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்தார்.

அந்த வருடம் பங்கு முழுவதற்கும் ஒரே மறைக்கல்விப் பரீட்சை வைத்தோம். கேள்வித்தாள் தயாரித்தது நான். திருத்தியதும் நான். இயேசு தம்மை எந்தச் செடிக்கு ஒப்பிட்டார் என்று ஒரு கேள்வி. விடை, திராட்சை. 'நானே திராட்சைச் செடி, நீங்கள் அதன் கிளைகள்' என்ற வசனம்.

ரெஜினா டீச்சரின் பிள்ளைகள் பதினொரு பேரும் தேயிலை என்று எழுதியிருந்தார்கள்.

ஒருத்தி படமும் வரைந்திருந்தாள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி, அதில் ஒரு சிவப்பு நூல்.

பதினொன்றுக்கும் பிழை போட்டேன். அதோடு விட்டிருக்கலாம்... ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

ரெஜினா டீச்சர் எழுந்து நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே...

"திராட்சக் கொடிய நான் கண்ணால கண்டதில்லீங்க டீச்சர். புள்ளைங்களும் கண்டதில்ல. அதான் கவாத்து மலைக்குக் கூட்டிட்டுப் போயி, ஆளுக்கு ஒரு செடியில நூல் கட்டச் சொன்னேன். வெட்டிப் போட்ட கொப்பு காஞ்சு போகுது, செடியோட இருக்கிறது துளிர்க்குது. வாரா வாரம் தொட்டுப் பாத்துச்சுங்க. திராட்சைன்னும் சொல்லிக் குடுத்தேங்க... அதுங்க மனசுல நின்னது இதுதான்."

நான் சொன்ன பதிலை எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

"வேதத்துல இருக்கிறத மாத்த நீங்க யாரு? லயத்துப் புத்தி லயத்தோட இருக்கட்டும்."

நான் பிறந்ததும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில்தான். என் அம்மாவும் இவரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்லிக் காட்டவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வகுப்பு எடுக்க வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் போய் லேப்டாப்பில் திராட்சைத் தோட்டப் படம் காட்டினேன்.

செடி வரைந்த அந்தப் பிள்ளை கேட்டாள், "இதத் தொடலாமா டீச்சர்?"

தொடாதே, ஸ்கிரீனில் கறை படும் என்றேன்.

போன வருடம் பதுளை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ரொம்ப மெலிந்திருந்தார். அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கீங்களா டீச்சர்? அம்மா சொகமா இருக்காங்களா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா... "பஸ் வந்துருச்சுங்க" என்று சொல்லி, நின்றிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் பஸ்ஸே இல்லை அது. ஹாலிஎல வரை போய் இறங்கித் திரும்பி வந்தேன்.

இன்று செய்தி அனுப்பியது அந்தப் படம் வரைந்த பிள்ளைதான். இப்போது கொழும்பில் வேலை.

"நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். மாலை வேணாம்னு பேசியிருக்கோம். நாங்க பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு தேயிலைக் கொப்பு கொண்டு வாறோம். நீங்களும் ஒண்ணு கொண்டு வாங்க டீச்சர்."

நீங்களும்... அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வருவேன். எல்லாருக்கும் பின்னால் நின்றுகொள்கிறேன்.

போய் வாருங்கள், டீச்சர். அந்தப் பதினொரு தாளிலும் நான் போட்டதுதான் பிழை.