ஆலாக் குஞ்சைப் பார்க்கப் போன நர்சம்மா

உலகம்மாள் தனுஷ்கோடி ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தது 1955இல். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், கடலையே முப்பது வயதில்தான் பார்த்தார். தலைமன்னார் கப்பலில் வந்திறங்கிய ஒருவர் பழைய பைனாகுலர் ஒன்றை அவரிடம் விற்றுவிட்டுப் போனார். அதை வாங்கிய நாளிலிருந்து அவருக்குப் பறவைப் பித்து. வார்டு வேலை ஓய்ந்தால் வாசலில் நின்று கடற்காகங்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

வைகாசியில் கிழக்கே உள்ள மணல் திட்டுகளில் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி முட்டையிடும் என்று மீனவர்கள் சொன்னார்கள். கறுப்புத் தலையும் பிளந்த வாலும் உள்ள வெள்ளைப் பறவை அது. கூடு கிடையாது, மணலில் குழி பறித்து அதிலேயே முட்டையிடும். கரையிலிருந்து பார்த்தால் திட்டின்மேல் புகை அசைவது போலத்தான் தெரிந்தது. மணல் நிறத்திலேயே குஞ்சு இருக்குமாம். அதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உலகம்மாள் துடித்தார்.

படகுக்காரர் சின்னக்கருப்பன் முதல் வருஷம் மறுத்துவிட்டார். "பொம்பளைய ஏத்திக்கிட்டுத் திட்டுக்குப் போனா ஊரே சிரிக்கும், நர்சம்மா."

மறுவருஷம் அவர் மனைவி ராக்குவுக்குச் சிக்கலான பிரசவம். தாயையும் பிள்ளையையும் உலகம்மாள் பிழைக்க வைத்தார். சின்னக்கருப்பன் தானாகவே வந்து படகு தருவதாகச் சொன்னார். ஆனால் மேற்கேயிருந்து கச்சான் காற்று மாதம் முழுக்க அடித்ததில் படகு இறக்க முடியவில்லை. அடங்கியபோது திட்டில் ஒரு பறவை இல்லை.

மூன்றாம் வருஷம் காற்று இடம் கொடுத்தது. இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திட்டில் இறங்கினால், மணலெங்கும் வெறும் குழிகள். ஆலாக்கள் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தின.

"முட்டையெல்லாம் எங்கே?"

சின்னக்கருப்பன் தயங்கினார். "நேத்து எங்க ஆளுக வந்து எடுத்துட்டாக. நானும் ஒரு கூடை எடுத்தேன்."

"உனக்கு அறிவிருக்கா? நான் பார்க்கணும்னு மூணு வருஷமா கிடந்து அலையறேன்!"

"கோவிச்சுக்கிடாதீக. பிள்ளைத்தாச்சிக, பால் குடுக்கிறவக தினம் முட்டை திங்கணும், அப்பத்தான் ரத்தம் ஊறும்னு நீங்கதானே சொன்னீக? இந்த மணல்காட்டுல கோழிக்கு எங்கன போறது?"

வாரந்தோறும் வீடு வீடாகப் போய் உலகம்மாள் சொன்ன பேச்சுதான் அது. இனி சாப்பிடாதே என்று எந்த வாயால் சொல்வது? எரிச்சல் யார் மேல் என்று தெரியாமல், திரும்பும் வழியெல்லாம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாசியில் ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் பன்னிரண்டு கோழி கொண்டுவந்து நான்கு வீடுகளுக்குக் கொடுத்தார். வெயிலில் ஏழு செத்தன. மிச்சமிருந்தவை இட்டதில் ராக்கு உட்பட இரண்டு வீட்டுப் பெண்களுக்குப் போதுமானது கிடைத்தது. மற்றவர்கள் வழக்கம்போலத் திட்டுக்குத்தான் போனார்கள். ஆனால் சின்னக்கருப்பன் கூடை எடுக்கவில்லை. தெற்கு மூலையில் யாரையும் இறங்க விடாமலும் பார்த்துக்கொண்டார்.

அந்த மூலைக்குத்தான் ஆனி பிறந்ததும் உலகம்மாளை அழைத்துப்போனார். ஆலாக்கள் பாய்ந்து பாய்ந்து தலைத்துணியைக் கொத்தின. உலகம்மாள் மண்டியிட்டு நகர்ந்தார். ஒரு சிப்பிக்குப் பக்கத்தில் மணல் மூச்சு விட்டது. குஞ்சு! பைனாகுலரே தேவைப்படவில்லை. அதன் அலகு நுனியை உற்றுப் பார்ப்பதற்குள் படகிலிருந்து கூப்பாடு.

"காத்து திரும்புது! வாங்கம்மா!"

"இப்பத்தானே இறங்கினேன்!"

"இன்னும் நின்னா ரெண்டு பேரும் இங்கனதான் கிடக்கணும்!"

தாய்ப்பறவையும் இறங்கி நிழல் கொடுக்க முடியாமல் மேலேயே கதறிக்கொண்டிருந்தது. வெயிலில் குஞ்சு வாயைப் பிளந்தது. உலகம்மாள் எழுந்து ஓடினார்.

படகில் ஏறியதும் பைனாகுலரைப் பலகையில் ஓங்கி வைத்தார். "பத்து நிமிஷம்! நாலு வருஷம் காத்திருந்ததுக்கு!"

"அடுத்த வருஷம் விடியக்காலமே வந்துருவோம்," என்றார் சின்னக்கருப்பன்.

மார்கழியில், பெயரில் மட்டும் கடல் உள்ள, கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் கடலாடிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடலோரத்திலேயே ஓர் இடம் கேட்டு மூன்று மனு எழுதினார் உலகம்மாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.