பின்னால் உட்கார்ந்தவர்கள்

என் குட்டியானை வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோன அன்று, வாழைத்தார், ஆட்டுக்கிடா, தாம்பாளங்களோடு சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவரங்குளத்திலிருந்து குன்றாண்டார்கோவிலுக்குக் கிளம்பினேன். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதும் பின்னால் சத்தம் போட்டார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது, பயப்படாமல் வாருங்கள் என்று கேலியாகக் கத்தினேன்.

முன்சீட்டில் பெரியப்பா மகன். அந்த இன்சூரன்ஸைப் போட்டுக்கொடுத்த ஏஜெண்டும் அவர்தான். "தம்பி, இது சரக்கு வண்டி. ரோட்டுல போறவுக மேல மோதுனா கம்பெனி குடுக்கும். பின்னாடி ஒக்காந்திருக்கவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் குடுக்கணும்" என்றார்.

ஃபுல் என்றீர்களே என்று கேட்டேன். என் வண்டி நசுங்கினால் அதற்கும் சேர்த்து என்பதுதான் ஃபுல்லாம்.

முதலில், விற்க வேண்டிவரும் என் ஒன்றரை ஏக்கர் நிலம்தான் கண்முன் வந்தது. ஆட்களின் முகம் அதற்குப் பிறகுதான். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் வந்தது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் எங்களைக் குறிவைத்தே வருவதாகப் பயந்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். பின்னால் சிரித்தார்கள்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எல்லோரையும் இறங்கச் சொன்னேன். கிடாய்க்கு இருக்கிற மரியாதை கூடத் தனக்கு இல்லையா என்று சித்தப்பா கேட்டார். ஏஜெண்டு அண்ணன்தான் அவர்களைச் சமாதானப்படுத்திப் பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

சீரோடு நான் மட்டும் போய் இறங்கியதும் தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. தாம்பாளம் தூக்கக்கூட ஆளில்லாத சீர். நடந்ததைச் சொன்னேன். அவள் மகளை இடுப்பில் வைத்தபடி வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ பெறக்க வலி எடுத்தப்ப, என்னைய இதுல படுக்கவச்சுத்தானண்ணே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன?"

அன்று எவ்வளவு வேகமாக ஓட்டினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.