இலந்தைக்கு யார் சீனி போட்டது?

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் காட்டிக்கொடுத்தது அவருடைய வலதுகால் சுண்டுவிரல்தான். திராட்சைப் பந்தலில் கம்பி கீறிய புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. தேனியில் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். 2004 என்று நினைவு. அப்போது நான் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

"திராட்சைய இனித் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருப்பவரிடம் சொல்கிற பேச்சா இது? அப்பா குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார், கண்ணை மூடுவார், "நாலு நாள் பொறுத்து வெட்டலாம்" என்பார். வியாபாரிகள் அதற்கு மறுபேச்சு பேசியதில்லை. ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். "துப்புறதுக்காத்தா வளத்தேன்?" என்று எரிந்து விழுந்தார். அன்றோடு திராட்சையை விட்டார். வெட்டும் நாளை வியாபாரியே பார்த்துச் சொல்லட்டும் என்றாகிவிட்டது.

அடுத்த மாதம் பார்த்தால் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"பந்தலுக்குள்ள போயி யாருக்கும் தெரியாமத் திங்கிறீக" என்றாள் அம்மா.

"ஒரு பழம் தின்னுருந்தா எங் கை வெளங்காமப் போகட்டும்" என்று கத்தினார் அப்பா. அதற்குப்பின் மூன்று நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. நானும் அம்மா சொன்னதைத்தான் நம்பினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை துணி துவைக்கையில் அவர் சட்டைப் பையிலிருந்து பொலபொலவென்று கொட்டைகள் விழுந்தன. ஒரு கை நிறைய இலந்தைக் கொட்டை.

"என்னப்பா இது?"

"வரப்புல கெடக்குத்தா. பசிக்கு ரெண்டு தின்னேன்."

"ரெண்டா?"

"காட்டுப் பழந்தான? ஒரம் உண்டா, மருந்து உண்டா? இதுக்கு யாரு சீனி போட்டா?"

அதுதான் அவர் கணக்கு. தோட்டத்துப் பழம் நோய், காட்டுப் பழம் மருந்து. அவர் மட்டுமா? ஊரில் சர்க்கரைக்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். திராட்சையை விட்ட வைராக்கியத்தில் மனிதர் தினமும் படிக்கணக்கில் இலந்தை தின்றிருக்கிறார்!

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை துறைத்தலைவரிடம் கெஞ்சிக் கேட்டு, ஆய்வகத்துப் பிரிக்ஸ் மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாண் நீளக் குழாய், ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தெரியும். சாற்றில் சர்க்கரை கூடக்கூட அந்தக் கோடு மேலே ஏறும்.

முதலில் திராட்சை. அப்பா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்து, எண்ணைச் சொன்னார். அடுத்து இலந்தைச் சதையை நசுக்கித் துணியில் பிழிந்து விட்டேன். கோடு திராட்சையையும் தாண்டி நின்றது. அவர் நம்பவில்லை. கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் விடச் சொன்னார். மறுபடியும் அதே இடம்.

"புளிக்குதேத்தா..." என்றார், குரல் இறங்கி.

புளிப்பு முந்திக்கொண்டால் பின்னால் இருக்கிற இனிப்பு நாக்குக்குத் தெரியாது என்றேன். செடியிலேயே வாடிய பழத்தில் தண்ணீர் போய், சர்க்கரை அப்படியே தங்கிவிடும் என்றும் சொன்னேன். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுக்கு நாந்தான் எமனா?"

அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதற்குப்பின் மருந்தும் பத்தியமுமாக இருந்தார். ஆனால் அந்தக் குழாயின்மேல் அவருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஆய்வகத்தில் இரவல் வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மடியில் ஏதாவது காயோடு நிற்பார். பங்குனியில் கொடுக்காப்புளி, எவ்வளவு பிழிந்தாலும் சொட்டுச் சாறு வரவில்லை. "ஒங்கம்மா மாதிரி கல்நெஞ்சு" என்றார். ஆனியில் நாவல்பழம், நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு இருந்தும் கோடு திராட்சைக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. ஆடியில் களாக்காய், உதட்டில் பிசினாக ஒட்டுகிற பால், பல் கூசும் புளிப்பு. கோடு திராட்சையில் பாதிக்குத்தான் வந்தது. கருவி அமிலத்தையும் சேர்த்துத்தான் காட்டும், நிசச் சர்க்கரை இன்னும் குறைவு என்றேன். அன்றிலிருந்து அவருக்கு அளவென்றால் களாக்காய் அளவுதான். கோடு அதற்குமேல் ஏறுகிற பழத்தைத் தொடமாட்டார், களாக்காயையும் நாலுக்குமேல் தின்னமாட்டார்.

ஆவணியில் விரலில் புதுத்தோல் மூடிவிட்டது. இனி எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா பந்தலிலிருந்து ஒரு குலையோடு வந்தார். கறுத்து, சாம்பல் பூத்து, காம்புவரை பழுத்த குலை. ஒரு பழத்தைக் கண்ணாடியில் நசுக்கி என்னிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுத்தா."

வெளிச்சத்தில் பிடித்தேன். கோடு எங்கே நிற்குமென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அங்கேதான் நின்றது. அந்தக் கருவியை வைத்து நான் அதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"களாக்காய் அளவுதான்ப்பா."

குழாயை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணருகே கொண்டுபோகவில்லை. கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு ஒரே ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"ஆமாத்தா, களாக்காயேதான்" என்று சொல்லி மிச்சக் குலையை என் மடியில் வைத்தார். "வியாபாரிகிட்ட நாளைக்கே வெட்டச் சொல்லு."