கை வைக்காத மனிதர்

சுழல் கதிரையில் உட்கார்ந்து சுழன்றுகொண்டிருந்த என் மகள் நீட்டிய கால்களை மடக்கியதும் வேகம் கூடியது. "நான் தள்ளவே இல்ல வாப்பா!" என்றாள்.

என் சின்ன வயதில், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கந்தூரி விழா. சாம்பிராணி வாசம், மஸ்கட் இனிப்புக் கடைகள். மணலில் ஒரு ராட்டினம்: நடுவில் கம்பம், சுற்றிலும் வட்டப் பலகை. மெலிந்த ஒருவர் அதைக் கையால் சுழற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஓரத்தில் இருந்த நாங்கள் ஆறு பிள்ளைகளும் பயந்துபோனோம்.

"எல்லாரும் நடுவுக்கு வாங்க, கம்பத்தப் புடிங்க!" என்று கத்தியது நான். நகர்ந்தோம். ராட்டினம் பேய்போலச் சுழன்றது. தங்கச்சி கம்பத்தில் மோதி, முன்பல் உடைந்தது.

என் வாப்பா ராட்டினக்காரரின் சட்டையைப் பிடித்தார். "புள்ளைகள் அழ அழத் தள்ளினியா?"

"வல்லாஹி, பொறகு நான் கை வைக்கல்ல காக்கா."

"அல்லாஹ்ட பேர்ல பொய்ச் சத்தியமா?"

கூட்டம் முழுக்க வாப்பாவின் பக்கம் நின்றது. அந்த மனிதர் அன்றே பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்.

ஓரத்துப் பாரம் நடுவுக்கு வந்தால் சுழற்சி வேகமாகும் என்று பிறகு படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். அவரை மட்டும் இன்றுவரை நினைக்கவேயில்லை.

நான் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றதால், நம்பவில்லை என்று மகள் எண்ணிவிட்டாள். "வல்லாஹி வாப்பா, நான் தள்ளல்ல."

"ஓம் மகள், நீ தள்ளல்ல," என்றேன். "நடுவுக்குக் கூப்பிட்டது நான்தான்."