வாலாட்டுதுங்க

அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் என் வலது கைதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு கறுப்பு நாயின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், ஆசி வழங்குவது போல நீண்டிருந்த கை. எழுபதுகளின் நடுவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் பம்புசெட் மீட்டர் பார்க்கும் வேலை எனக்கு. நாய்களைப் பற்றிய என் அறிவு முழுக்கப் புத்தகங்களிலிருந்து வந்தது. கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது மட்டும் கடிபட்டவர்கள் சொன்னது.

அன்று காலை நான் மோட்டார் அறையை நெருங்கியதும் வாசலில் கிடந்த அந்த நாய் எழுந்து நின்றது. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த தோட்டக்காரரின் மருமகள், என் வயதுதான் இருக்கும், கத்தினார்: "சார், பாத்துங்க! அது வாலாட்டுதுங்க!"

எனக்குப் போன உயிர் வந்தது. வாலாட்டும் நாய் நன்றியுள்ள நாய் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்தவன். "வாடா ராஜா" என்று கையை நீட்டினேன். அது ராணி என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. வால் ஆடியதென்னவோ உண்மை. ஆனால் கம்பு போல விறைத்து நின்ற வாலில் நுனி மட்டும் நடுங்கியது. காதுகள் முன்னால் நிமிர்ந்திருந்தன. வாய் இறுக மூடியிருந்தது. உடம்பின் கனமெல்லாம் முன்னங்கால்களில். உறுமல்கூட இல்லை, அந்த மௌனத்தில் என் தொப்புள் தானாகச் சுருங்கியது. அறைக்குள் மீட்டருக்குக் கீழே குட்டிகள் முனகுவது அப்போதுதான் கேட்டது.

"ஐயோ, கைய ஏனுங்க நீட்டறீங்க? மெல்ல எடுங்க. அது கண்ணப் பாக்காதீங்க. ஓடிறாதீங்க!"

ஓடுவதற்குக் கால்கள் என்னுடையவையாக இருக்க வேண்டுமே. அவர் ஈரக் கையோடு வந்து, கீழே விழுந்த கம்மல் திருகாணியைத் தேடுபவர் போலத் தரையைப் பார்த்தபடி, எங்கள் நடுவே பக்கவாட்டில் நின்றார். வால் இறங்கியது. நாய் உள்ளே போய்ப் படுத்தது.

"வாலாட்டுதுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஆமாங்க. வாலாட்டுனா வான்னு அர்த்தமுங்களா? வந்து பாருன்னு அர்த்தமுங்க. எங்கிட்டயே வாலாட்டறயான்னு நீங்க யாரையும் கேட்டதில்லீங்களா?"

கேட்டிருக்கிறேன், பலமுறை. தமிழ் ஒரே சொல்லில் வைத்திருந்த இரண்டு அர்த்தங்களில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தவன் நான். இன்று பூங்காவில் நாயோடு வருபவர்கள், "ஒண்ணும் பண்ணாது சார், வாலாட்டுது பாருங்க" என்னும்போதெல்லாம் எப்படி ஆட்டுகிறது என்றுதான் பார்க்கிறேன்.

"பயந்துட்டீங்களா சார்?" என்று அன்று கேட்டார் அந்த மருமகள்.

"சேச்சே."

அவர் நம்பினாரோ என்னவோ. அறைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி என் முழங்கால்களைப் பார்த்த நாய் நம்பவில்லை.